செவிக்கு வாசித்தல்

எங்கள் பங்கில் யாருக்காவது பூசையில் வாசகம் வாசிக்கப் பழக வேண்டுமென்றால் உபதேசியாரிடம்தான் போக வேண்டும். அவர் வேலை பார்த்தது பள்ளிக்கூடத்தில். தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். அப்பா கோவில் உபதேசியாராக இருந்ததால் அந்தப் பெயர் மகனுக்கும் ஒட்டிக்கொண்டது. எண்பதைத் தாண்டிவிட்டார். இன்றைக்கும் ஞாயிறு விடியற்காலைப் பூசைக்கு வேட்டி மடிப்புக் கலையாமல் வந்து, ஆண்கள் பக்கம் தூணோரமாக உட்கார்ந்து, வாசிப்பவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக் கேட்பார்.

நான் போய் நின்றபோது அவர் என் கையில் புத்தகத்தைத் தரவில்லை. பெண்கள் பக்கம் கடைசி வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே போய் உட்காரச் சொன்னார். மடியில் விவிலியம் கூடாது, போனில் அன்றைய வாசகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளவும் கூடாது. பூசை முடிந்து வரும்போது கோவில் வாசலில் நிறுத்திக் கேட்பார்: “என்ன கேட்டுச்சு?”

என்ன வாசித்தார்கள் என்று அவர் கேட்டதே இல்லை. எசாயாவா எரேமியாவா என்பதெல்லாம் காலண்டரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். காதில் எது வந்து சேர்ந்தது என்பதுதான் அவருக்கு வேண்டும். அப்படிச் சில மாதங்கள் உட்கார்ந்ததில் ஒன்று பிடிபட்டது. வாசகத்தின் முதல் வரி அநேகமாக யாருக்கும் கேட்பதில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள் இழுபடும் சத்தத்தில் போய்விடுகிறது. நடுவில் வரும் பெயர்கள் தட்டிப் போகின்றன. எல்லாவற்றையும்விட அதிகமாகத் தொலைவது வாக்கியத்தின் கடைசிச் சொல். மூச்சு தீரும்போது குரல் தானாக இறங்கும். தமிழிலோ வினை அங்கேதான் இருக்கிறது. ஆண்டவர் மனம் மாறினாரா மாறவில்லையா, மக்கள் செவிகொடுத்தார்களா கொடுக்கவில்லையா என்பதெல்லாம் அந்தக் கடைசி இரண்டு அசையில் தொங்குகிறது. அதை விழுங்கிவிட்டால் கடைசி வரிசைக்குப் போய்ச் சேருவது யாருடைய செயல் என்றே தெரியாத ஒரு பெயர்ப்பட்டியல்தான்.

நான் கூட்டுறவு வங்கியில் கவுன்டரில் வேலை பார்க்கிறவள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்குக் கேட்க வேண்டுமே என்று குரலை உயர்த்தி, சொல்ல வேண்டியதை வெட்டி வெட்டிச் சொல்லிப் பழகிய நாக்கு எனக்கு. எனக்கு முன்னால் அவரிடம் பழகியவர் பள்ளிக்கூட மேடையில் பேச்சுப்போட்டிப் பரிசெல்லாம் வாங்கிய பையன். “அவனுக்கு ஏத்தம் ஜாஸ்தி, ஒனக்கு எறக்கமே கெடயாது, ரெண்டும் ஒரே சீக்குதான்” என்றார் உபதேசியார். குரலைப் பற்றி அதற்குமேல் அவர் எதுவும் பேசவில்லை. குரல் வாசிப்பவருக்கு அமைந்தது, மாற்ற முடியாது. நிறுத்தும் இடத்தை மாற்றலாம் என்பது அவர் கட்சி.

எதை வாசிப்பது என்று முடிவு செய்வது நாங்கள் இல்லை. வெளியில் இருப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். பங்குச்சாமியாருக்குக்கூட அந்தத் தேர்வு இல்லை. ஞாயிறு திருப்பலியில் மூன்று வாசகங்கள். முதலாவதற்கும் இரண்டாவதற்கும் நடுவே பதிலுரைப் பாடல். நற்செய்தியைக் குருவோ திருத்தொண்டரோதான் வாசிக்க வேண்டும். மற்ற இரண்டும் எங்களைப் போன்ற பொதுநிலையினருக்கு. எல்லாம் மூன்றாண்டுச் சுற்றாக உலகம் முழுக்க ஒரே வரிசையில் அடுக்கப்பட்டிருக்கிறது: ஓராண்டு மத்தேயு, மறு ஆண்டு மாற்கு, அடுத்தது லூக்கா. ஆண்டு எண்ணை மூன்றால் வகுத்து மீதி வராவிட்டால் லூக்கா என்று உபதேசியார் கணக்கு வாத்தியாராகவே சொல்லிக்கொடுத்தார். 2025 லூக்கா, இப்போது மத்தேயு. ஆனால் ஆண்டு ஜனவரியில் பிறப்பதில்லை, அதற்கு முன் வரும் திருவருகைக் காலத்திலேயே பிறந்துவிடும். யோவானுக்கென்று தனி ஆண்டு கிடையாது. தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும் வருவார், மாற்கு ஆண்டின் நடுவில் ஐந்து ஞாயிறு அப்பத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் போவார்.

இந்த அடுக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. பொதுக்காலத்தில் முதல் வாசகம் அன்றைய நற்செய்திக்குப் பொருந்தும்படி பழைய ஏற்பாட்டிலிருந்து எடுக்கப்பட்டிருக்கும். இரண்டாவது வாசகம் அப்படி அல்ல; பெரும்பாலும் பவுலின் ஏதாவது ஒரு திருமுகம் வாரா வாரம் தொடர்ச்சியாகத் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஆகவே முதல் வாசகம் வாசிக்கிறவர் வீட்டில் முதலில் படிக்க வேண்டியது நற்செய்தியை. அவர் விட்ட இடத்திலிருந்து சாமியார் எதைத் தொடரப்போகிறார் என்று தெரிந்தால்தான் எங்கே அழுத்துவது என்று தெரியும். இரண்டாவது வாசகம் வாசிப்பவர் போன வாரம் பவுல் எங்கே நிறுத்தினார் என்று பார்க்க வேண்டும். இதை அறியாமல் அன்று காலை மேடையில் ஏறிப் பக்கத்தைத் திறப்பவர்கள் நிறையப் பேர். எழுத்தைப் படித்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

புத்தகம் கைக்கு வந்த பிறகும் நேராக வாசிக்க விடவில்லை. கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கச் சொன்னார். வாசக நூலில் பென்சில் படக்கூடாது, அது பீடத்துக்கு உரியது. வேண்டியதை நோட்டில் கையால் எழுதிக்கொள்ள வேண்டும். அதுவும் பத்தியாக அல்ல, ஒரு மூச்சுக்கு ஒரு வரியாக. மூச்சு எங்கே முடிகிறதோ அங்கே வரி முடிய வேண்டும். பொருள் எங்கே முடிகிறதோ அங்கேயும் முடிய வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் விழும்வரை அடித்து அடித்து எழுதினேன். சின்ன நிறுத்தத்துக்கு ஒற்றைச் சாய்கோடு, பெரியதற்கு இரட்டை. அடிக்கோடு மட்டும் போடவே கூடாது. அடிக்கோடு போட்ட சொல்லைப் பார்த்ததும் தொண்டை தானாகக் கத்தும் என்பார்.

இந்தப் பயிற்சியில் என்னை வாட்டியது எபேசியர் திருமுகத்தின் தொடக்கம். மாற்கு ஆண்டில் பொதுக்காலம் பதினைந்தாம் ஞாயிறன்று அது வரும். மூலமான கிரேக்கத்தில் மூன்றாம் வசனம் தொடங்கிப் பதினான்காம் வசனம் வரை ஒரே வாக்கியம், 200 சொற்களுக்குமேல் நிற்காமல் ஓடும் ஒரு புகழ்ச்சி. தமிழில் நல்லவேளையாக வெட்டித் தந்திருக்கிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு வாக்கியத்திலும் பவுலின் வேகம் மிச்சமிருக்கிறது. கடவுள் செய்தார், கிறிஸ்துவில் செய்தார், நம்மைத் தேர்ந்தார் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும். நான் எழுதி எடுத்துப்போன வரிகளைப் பார்த்துவிட்டு உபதேசியார் கேட்டது ஒரே கேள்வி: “இதுல யாரு வேல செய்தா?” ஒவ்வொரு வினைக்கும் எழுவாய் யார் என்று தேடினேன். அநேகமாக எல்லாவற்றுக்கும் கடவுள்தான். நாம் பெற்றுக்கொள்கிறவர்கள், அவ்வளவே. அது தெரிந்த பிறகு எங்கே மூச்சு விடுவது என்று குழப்பமில்லை. கடவுள் செய்த ஒவ்வொரு காரியமும் முடியும் இடத்தில் விட்டால் போதும்.

இறைவாக்கினர் நூல்களில் வேறு சிக்கல். இறைவாக்கினர் பேசிக்கொண்டிருப்பார், நடுவில் ஆண்டவர் பேசுவார், ஆண்டவர் பேச்சுக்குள் மக்கள் சொன்னது வரும். புத்தகத்தில் மேற்கோள் குறி இருக்கிறது, காதுக்கு அது கிடையாது. சிலர் ஆண்டவர் பேசும் இடத்தில் குரலைக் கனமாக்கி நாடக ராஜாவாகிவிடுவார்கள். உபதேசியாருக்கு அது அறவே ஆகாது. பேச்சு தொடங்குவதற்கு முன் அரை மூச்சு நிறுத்து, முடிந்ததும் ‘என்றார்’ என்பதைத் தனியாக எடுத்துத் தரையில் வை, கேட்பவர்கள் பிரித்துக்கொள்வார்கள் என்பார். நம்மூரில் ‘என்றார்’ என்ற சொல் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. முந்தின சொல்லோடு ஒட்டி, அடுத்த வாக்கியத்துக்கு ஓடும் அவசரத்தில் மிதிபட்டுப் போகிறது. பேசியவர் பேசி முடித்துவிட்டார் என்று காதுக்குச் சொல்ல வேறு சொல்லே இல்லை.

கோவிலுக்குள் பழகியது இன்னொரு பாடம். எங்களுடையது சுண்ணாம்புச் சுவரும் உயர்ந்த கூரையுமாகக் கட்டிய பழைய கோவில். ஆளில்லாத நேரத்தில் ஒரு சொல் சொன்னால் பின்சுவரில் பட்டுத் திரும்பி வரும். புதன்கிழமை சாயங்காலம் கோவில்பிள்ளை விளக்கேற்றும் நேரத்தில் மைக் இல்லாமல் வாசிக்க வைத்தார். அவர் வாசல்படியில் நின்று, கேட்காவிட்டால் கையைத் தூக்குவார். சொன்ன சொல் திரும்பி வந்து அடங்கிய பிறகே அடுத்த சொல் போக வேண்டும் என்பது அப்போதுதான் பிடிபட்டது. மைக் போட்டால் எதிரொலி போய்விடாது, பெருகும். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நில், தட்டிப் பார்க்காதே, ஊதிப் பார்க்காதே, ‘ப’வும் ‘ம’வும் வரும் இடத்தில் முகத்தை நேரே நீட்டாதே. மேடைக்கு ஓடாதே, பீடத்தை வணங்கிவிட்டு நட. நாடா கிடக்கும் பக்கத்தைத் திற, கையைப் புத்தகத்தின்மேல் வை, நாற்காலிச் சத்தம் அடங்குகிற வரை பேசாமல் நில். சிவப்பு எழுத்தில் இருப்பதை வாசிக்காதே. அது உனக்குச் சொன்னது, ஊருக்கு இல்லை.

இந்த இடத்தில் என் சொந்த மனத்தாங்கல் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டுப் பங்குகளில் வாசகத்துக்கு முன்னால் முன்னுரை என்று ஒன்று உண்டு. முதல் வாசக முன்னுரை, இரண்டாம் வாசக முன்னுரை, போதாததற்குத் திருப்பலி முன்னுரை வேறு. சனிக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப்பில் சுற்றும் தாளை ஞாயிறு காலையில் ஒருவர் வந்து வாசிப்பார். வாசகம் என்ன சொல்லப்போகிறது, அதிலிருந்து நாம் என்ன கற்றுக்கொள்ள வேண்டும், அதன்படி வாழ வரம் கேட்போம் என்று எல்லாம் முன்கூட்டியே முடிந்துவிடும். பிறகு ஓசேயா வந்து என்ன செய்வது? சில ஞாயிறுகளில் முன்னுரை வாசகத்தைவிட நீளம். உபதேசியார் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். முன்னுரை நடக்கும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருப்பார், வாசகம் தொடங்கும்போது மாட்டிக்கொள்வார்.

நான் முதன்முதலாகத் தனியாக ஏறியது 2024 பிப்ரவரியில், பொதுக்காலம் ஐந்தாம் ஞாயிறு. யோபு ஏழாம் அதிகாரம். ஆறே ஆறு வசனங்கள். மனிதன் மண்ணில் படுவது போராட்டம்தானே என்று தொடங்கி, நிழலுக்கு ஏங்கும் அடிமையையும் கூலிக்குக் காத்திருக்கும் வேலையாளையும் காட்டி, தூக்கம் வராத இரவைச் சொல்லி, இனி என் கண் நன்மையைக் காணாது என்ற இடத்தில் முடிகிறது. முடிவது என்றால் அப்படியே நின்றுவிடுகிறது. ஆறுதலாக ஒரு வரி இல்லை. எங்கள் ஊர் தூத்துக்குடிக்கு வடக்கே உப்பளங்களை ஒட்டிய ஊர். உப்பு வாரும் பருவம் தொடங்கும் மாதம் அது. முன்வரிசைகளில் உட்கார்ந்திருந்த பெண்களில் பாதிப்பேர் விடியுமுன்னே அளத்துக்குப் போய், கண் கூசும் வெள்ளையில் நின்று, உப்புத் தண்ணீரில் வெடித்த காலோடு திரும்புகிறவர்கள். நிழலைப் பற்றி அவர்களுக்கு யோபு சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒத்திகையில் கடைசி வரியை நான் மெதுவாக, இரங்கும் குரலில் வாசித்தேன். உபதேசியார் கையை ஆட்டி நிறுத்தினார். “நீ எதுக்கு அவுகள தேத்துத? ஆறுதல் சொல்லுத வேல ஒனக்கில்லம்மா. அதுக்கு மாற்கு பின்னால நிக்காரு.” உண்மைதான். அன்றைய நற்செய்தி, இயேசு சீமோனின் மாமியாரைக் கைப்பிடித்துத் தூக்கிவிடுவதும், பொழுது சாய்ந்த பிறகு ஊரே நோயாளிகளைக் கொண்டுவந்து வாசலில் கூடுவதும். இரவு முழுவதும் புரண்டு படுத்த யோபுவுக்கான பதில் அந்தச் சாயங்காலத்தில் இருக்கிறது என்று நினைத்துத்தான் இரண்டையும் ஒரே நாளில் வைத்திருக்கிறார்கள். யோபுவை நான் இனிப்பாக்கிக் கொடுத்துவிட்டால் மாற்குவுக்கு வேலை இல்லாமல் போகும்.

ஞாயிறன்று அவர் சொன்னபடியே வாசித்தேன். கடைசி வரியை நிமிர்த்தி வைத்து, நிறுத்தி, இது ஆண்டவரின் வாக்கு என்று அறிவித்தேன். மக்கள் இறைவனுக்கு நன்றி சொன்னார்கள். இந்த வழக்கத்தை அதுவரை ஒரு சடங்காகத்தான் நினைத்திருந்தேன். ஒரு மனிதன் கடவுளிடம் வைத்த முறையீட்டைக் கடவுளின் வாக்கு என்றே சபை ஏற்றுக்கொண்டு, அதற்கு நன்றியும் சொல்கிறது. எவ்வளவு துணிச்சலான வழக்கம்! தனியாக வீட்டில் உட்கார்ந்து படிக்கிறவர் அந்த அதிகாரத்தைத் தள்ளிவிட்டுச் சங்கீதத்துக்குப் போய்விடலாம். வழிபாட்டில் அதற்கு வழியில்லை. முறை வந்தால் யோபு எழுந்து நிற்பார், ஊர் கேட்டே ஆக வேண்டும்.

இதெல்லாம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. உபதேசியார் பீடச்சிறுவனாக இருந்த காலத்தில் பூசை லத்தீனில். சாமியார் மக்களுக்கு முதுகு காட்டி நின்று வாசிப்பார். பீடத்தின் வலப்பக்கம் திருமுகம், இடப்பக்கம் நற்செய்தி. இரண்டுக்கும் நடுவே அந்தக் கனத்த புத்தகத்தைத் தாங்கியோடு தூக்கி, படியிறங்கி, முழந்தாளிட்டு, மறுபடி ஏறிக் கொண்டுபோய் வைக்கிற வேலை இவருடையது. கோவிலில் ஜனங்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். வாசகங்களுக்கு ஓராண்டுச் சுற்றுதான். பழைய ஏற்பாடு ஞாயிறுகளில் அநேகமாக வாசிக்கப்பட்டதில்லை. யோபு எங்கள் ஊர் ஞாயிற்றுப் பூசைக்கு வந்ததே வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு. 1963 டிசம்பர் 4-இல் வெளியான வழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, விவிலியக் கருவூலத்தை மக்களுக்கு இன்னும் தாராளமாகத் திறந்துவிட வேண்டும் என்று கேட்டது. அதன்படி 1969-இல் புதிய வாசக வரிசை வெளியாயிற்று. இளவட்டமாக இருந்த உபதேசியாரைக் கூப்பிட்டுத் தமிழில் வாசி என்று மேடையில் நிறுத்தினார்கள். சொல்லித்தர யாரும் இல்லை. அதற்கு முன் யாரும் அதைச் செய்ததில்லை.

அவருக்குத் தெரிந்த ஒரே மாதிரி அவர் அப்பா. பெரிய வெள்ளி இரவில் வியாகுலப் பிரசங்கம் படிப்பதில் அப்பா பேர் பெற்றவராம். கோவாவில் பிறந்து இலங்கையில் பணியாற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் சாமியார் பதினெட்டாம் நூற்றாண்டில் தமிழில் எழுதியது அது. இயேசுவின் பாடுகளை ராகத்தோடு இழுத்துப் படிக்கப் படிக்கக் கோவில் முழுக்க மாரடித்து அழும். மகன் அந்த ராகத்தையே கொண்டுவந்து ஆமோஸ் இறைவாக்கினருக்குப் போட்டாராம். அப்போதைய பங்குச்சாமியார் பொறுத்துக்கொண்டார். ராகம் ஒத்துவரவில்லை என்று கண்டுபிடித்தது அப்பாதான். வித்தியாசத்தை உபதேசியார் எனக்குச் சொன்னது குருத்து ஞாயிறுக்கு முந்தைய வாரம், பாடுகளின் வரலாற்றில் கதைசொல்லும் பகுதியை எனக்குத் தந்தபோது: “அது அழ வைக்க எழுதுனது. இது, அழுதவன் அழட்டும்னு எழுதுனது.”

பாடுகளின் வரலாற்றை மூவர் பங்கிட்டு வாசிப்போம். கிறிஸ்து பேசுவதைச் சாமியார், மற்றவர்கள் பேசுவதை ஒருவர், நிகழ்ச்சியைச் சொல்வதை ஒருவர். குருத்து ஞாயிறன்று அந்தந்த ஆண்டின் நற்செய்தியாளர்; பெரிய வெள்ளியன்று எப்போதும் யோவான். கூட்டம் கூச்சலிடும் இடத்தைச் சபை முழுவதும் சொல்லும். சிலுவையில் அறையச் சொல்லிக் கேட்டவர்கள் எங்கோ எருசலேமில் இருந்தவர்கள் என்று ஒதுங்கிக்கொள்ள முடியாமல் வழிபாடு நம் வாயிலேயே அதைப் போடுகிறது. கதை சொல்பவருக்கு அதில் பக்கம் சேர உரிமை இல்லை. பிலாத்துமேல் கோபமும் பேதுருமேல் பரிதாபமும் குரலில் வரக்கூடாது. உயிர் பிரியும் இடம் வந்ததும் எல்லோரும் முழந்தாளிட்டு அமைதியாக இருப்பார்கள். அந்த அமைதி எவ்வளவு நேரம் என்று புத்தகத்தில் எண் இல்லை. எழுந்து தொடர வேண்டியது கதை சொல்பவர்தான், ஊரே அவருக்காகக் காத்திருக்கும். சின்னப் பிள்ளை ஒன்று சிணுங்கத் தொடங்கினால் அது சரியான அளவு என்பது உபதேசியார் கண்ட கணக்கு.

2025-இல் குடியரசு நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அன்றே பொதுக்காலம் மூன்றாம் ஞாயிறு. திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் அந்த ஞாயிற்றை இறைவார்த்தை ஞாயிறு என்று அறிவித்திருந்தார். லூக்கா ஆண்டில் அந்த நாளுக்கு விழும் முதல் வாசகம் நெகேமியா எட்டாம் அதிகாரம்; என் முறை. நாடு கடத்தப்பட்டுத் திரும்பிய மக்கள் தண்ணீர் வாயிலுக்கு முன்னாலுள்ள வெளியில் கூடுகிறார்கள். அதற்கென்றே செய்த மரமேடையில் எஸ்ரா ஏறி நூலைத் திறக்கிறார், எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். காலையிலிருந்து நண்பகல்வரை வாசிப்பு. கேட்டு அழுகிறார்கள். அழவேண்டாம், போய் நல்லதாகச் சாப்பிடுங்கள், இல்லாதவர்களுக்குப் பங்கு அனுப்புங்கள் என்று அனுப்பிவைக்கிறார்கள். வாசகர் வேலைக்குப் பாடப்புத்தகம் என்று ஒன்று உண்டென்றால் இந்த அதிகாரம்தான். தெளிவாக வாசித்தார்கள், பொருள் விளங்கச் செய்தார்கள், மக்கள் புரிந்துகொண்டார்கள் என்று மூன்று வேலையையும் ஒரே வசனத்தில் வைத்திருக்கிறது.

முழு அதிகாரத்தையும் படித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்பது விதி என்பதால், வாசக நூல் எதை விட்டிருக்கிறது என்றும் தெரிந்தது. மேடையில் எஸ்ராவுக்கு வலமும் இடமும் நின்றவர்கள் பதின்மூன்று பேரின் பெயர்களை வெட்டிவிட்டார்கள். விளக்கம் சொன்ன லேவியரின் பெயர்ப்பட்டியலும் இல்லை. “நம்ம மேல எரக்கப்பட்டிருக்காங்க” என்று சிரித்தார் உபதேசியார். பெயர்களுக்குப் பயந்தவரில்லை அவர். பெந்தகோஸ்தன்று கப்பதோக்கியா, பிரிகியா, பம்பிலியா எல்லாம் அவர் வாயில் தூத்துக்குடி, திருச்செந்தூர், நாசரேத்து மாதிரி வந்து விழும். தெரிந்த ஊர் என்று நினைத்துச் சொல், தெரியாத ஊர் என்று உன் குரல் சொல்லக்கூடாது என்பதுதான் பெயர்களுக்கு அவர் தரும் ஒரே மருந்து.

அதே நாள் நற்செய்தியில் இயேசு நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் வாசிக்க எழுந்து நிற்கிறார். கையில் கொடுக்கப்பட்டது எசாயாவின் சுருள். வாசிக்கிறார், சுருட்டி ஏவலரிடம் தருகிறார், உட்கார்ந்த பிறகுதான் பேசத் தொடங்குகிறார். வாசிப்பு ஒன்று, பேச்சு வேறொன்று. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் எழுதிய புனித ஜஸ்டினும் கிறிஸ்தவர்களின் ஞாயிற்றுக் கூட்டத்தை அப்படித்தான் விவரிக்கிறார்: திருத்தூதர்களின் நினைவுக்குறிப்புகளோ இறைவாக்கினர் எழுத்துகளோ நேரம் இருக்கும்வரை வாசிக்கப்படும், வாசிப்பவர் நிறுத்திய பிறகு தலைமை தாங்குபவர் பேசுவார். பிரசங்கத்துக்கு முன்னால் நடக்கும் சில்லறை வேலையாக வாசகத்தை நினைப்பவர்களுக்கு இதை எடுத்துக் காட்டலாம். எங்கள் பங்கில் இன்னமும், வாசகம் முடிந்து பிரசங்கம் தொடங்கும்போது உள்ளே வந்தால் பூசை கிடைத்துவிட்டதாக நினைக்கும் ஆண்கள் கோவில் வாசலில் நிற்கிறார்கள்.

பெண்கள் வாசிப்பது பற்றியும் சிலர் கேட்பதுண்டு. வாசகர் என்ற பணிப்பொறுப்பை முறைப்படி பெண்களுக்கும் தரலாம் என்று 2021 ஜனவரியில்தான் திருச்சபைச் சட்டம் மாறியது. மேடையில் ஏறி வாசிப்பதோ அதற்கு எத்தனையோ வருடம் முன்பே நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் கான்வென்ட் சிஸ்டர்மார்தான் தொடங்கிவைத்தார்கள்.

பீடத்துக்குப் பக்கத்தில் பெரிய திரை வைத்து வாசகத்தை எழுத்தில் ஓட்டலாம் என்று பங்குப் பேரவையில் பேச்சு வந்தது. உபதேசியார் எதிர்த்தார், கண் வேலை செய்தால் காது தூங்கிவிடும் என்றார். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். காது மந்தமான கிழவிகள் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு எழுத்து வேண்டும். மற்றவர்கள் நிமிர்ந்து வாசகமேடையைப் பார்க்கட்டும். திரை வந்துவிட்டது. இப்போதைக்குப் பாட்டு வரிகள் மட்டும் ஓடுகின்றன.

இந்த ஆண்டு பாஸ்கா திருவிழிப்புக்குப் பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழையும் வாசிப்பது என்று முடிவாகியிருக்கிறது. திருமுகமும் நற்செய்தியும் சேர்ந்தால் ஒன்பது. தேவையென்றால் ஏழை மூன்றாகக் குறைத்துக்கொள்ளலாம். விடுதலைப்பயணத்தின் செங்கடல் வாசகத்தை மட்டும் எக்காரணத்தாலும் விடக்கூடாது. பல வருடங்களாக நாங்கள் மூன்றோடு முடித்துக்கொண்டிருந்தோம். ஆள் சேர்த்தபோது படைப்பு வாசகத்துக்கும் செங்கடலுக்கும் போட்டி. ஆபிரகாம் ஈசாக்கைக் கூட்டிக்கொண்டு மலையேறும் வாசகத்தைப் பேச்சுப்போட்டிப் பையன் பிடித்துக்கொண்டான். பாரூக்கை யாரும் தொடவில்லை. கதை இல்லை, ஆள் இல்லை, ஞானம் எங்கே இருக்கிறது என்று ஒரு விசாரணை. பாளையங்கோட்டையில் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்த என் சிநேகிதியிடம் சொன்னேன். “பாரூக்கா, யாருடி அது?” என்றாள். அவர்களுடைய பைபிளில் அந்த நூல் இல்லை. 1995-இல் வந்த திருவிவிலியத்தில் இணைத்திருமுறை நூல்கள் என்ற பகுதியில் இருக்கிறது, வாங்கிப் பார் என்றேன்.

பாரூக்கு எனக்கு வந்தது. எழுதி எடுத்துக்கொண்டு போய் உபதேசியார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். பகைவர் நாட்டில் கிடக்கும் இஸ்ரயேலைச் செவிகொடுக்கச் சொல்லிவிட்டு, உடனே ஒரு கேள்வி கேட்கிறது. அந்தக் கேள்வியை அதட்டலாக வாசிப்பதா, மனம் நொந்து வாசிப்பதா என்பதில் எங்களுக்குள் சச்சரவு இல்லை; நொந்துதான். பின்பகுதியில் கடவுள் விண்மீன்களைக் கூப்பிட, அவை இங்கே இருக்கிறோம் என்று மகிழ்ச்சியாகப் பதில் சொல்லும் ஓர் இடம் வருகிறது. அங்கே குரல் கொஞ்சம் ஏற வேண்டும், இருட்டில் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஜனங்களுக்கு அது எட்ட வேண்டும் என்பது என் கட்சி. விண்மீன் பேசுகிறது என்று புத்தகம் சொன்னால் போதும், நீ விண்மீனாகிக் காட்ட வேண்டாம் என்கிறார் அவர். குரலை ஏற்றாமல் அதற்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்திப் பார் என்றார். நிறுத்திப் பார்த்தேன். எனக்குப் போதவில்லை. இரண்டு மாதிரியும் வாசிக்கிறேன், நீங்கள் வாசல்படியில் நின்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்றிருக்கிறேன். புதன்கிழமை கோவிலுக்கு வரச் சொல்லியிருக்கிறார்.